கடல் யாரைத் தண்டித்தது? கல்முனைக் கரையில் சுனாமியும் பாவக் கணக்கும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். காலை ஏழு மணியளவில் சுமாத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டு உடைந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களின் கடலோரத் தெருக்கள் இல்லாமல் போயின. இலங்கை முழுவதும் ஏறத்தாழ 35,000 பேர் இறந்தோ காணாமற்போயோ இருந்தனர். அதில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர்கள். நாட்டில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிர்களைப் பறிகொடுக்கவில்லை.

ஜனாஸாக்களை அடக்கி முடிப்பதற்கு முன்னரே "ஏன்?" என்ற கேள்வி வந்துவிட்டது. அதற்கு முதலில் பதில் சொன்னவர்கள் புவியியலாளர்கள் அல்ல. மிம்பர்களிலிருந்தும் கோயில் மண்டபங்களிலிருந்தும் ஆராதனைக் கூடங்களிலிருந்தும் பதில் வந்தது. இந்தக் கரையோரத்தில் வாழ்ந்த எவருக்கும் அது தெரியாததல்ல: நாம் கெட்டுப்போனோம், அதனால் கடல் வந்தது.

கெட்டுப்போனது எது என்பதில்தான் ஆளுக்கொரு பட்டியல் இருந்தது. வட்டி, போதை, சீதனம், சினிமா, தொலைக்காட்சி, பெண்களின் உடை, வெளியில் வேலைக்குப் போகும் பெண்கள் என்று அது நீண்டது. தர்ஹா வழிபாட்டை எதிர்ப்பவர்கள் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் கொடியேற்றத்தைச் சுட்டினார்கள். தர்ஹாவை மதிப்பவர்களோ, அவுலியாக்களை நிந்தித்ததன் பலன் இது என்று திருப்பிச் சொல்லலாம். ஒரே அலையை இரண்டு தரப்பும் தத்தம் சாட்சியாக அழைக்க முடிந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அந்த இடத்துக்குத் திரும்பி வரும்.

தமிழருக்கும் சிங்களவருக்கும் பழகிய கதை

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. தமிழின் பழைய கடல்கோள் கதைகளில் ஒன்று மணிமேகலைக் காப்பியத்தில் இருக்கிறது. மகனைத் தொலைத்த துயரில் சோழ மன்னன் இந்திர விழா எடுக்க மறக்கிறான்; அதனால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. தவறியவன் அரசன், மூழ்கியது ஊர்.

மகாவம்சத்திலும் அதே அமைப்புத்தான். களனியை ஆண்ட திஸ்ஸ மன்னன் குற்றமற்ற பிக்கு ஒருவரைக் கொல்வித்துக் கடலில் எறிவிக்கிறான். கோபித்த தேவர்கள் கடலை நாட்டுக்குள் ஏவுகிறார்கள். கடலைத் தணிக்க மன்னனின் மகள் பேழையில் வைத்து மிதக்க விடப்படுகிறாள். அவளே துட்டகைமுனுவின் தாயான விகாரமகாதேவி. சுனாமிக்குப் பின் தென்னிலங்கையில் இந்தக் கதை மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. அம்பாறைக்காரருக்கு இது வெறும் கதையும் அல்ல. அவள் கரையொதுங்கிய இடம் பொத்துவில் முகுது மகா விகாரை என்பது ஒரு மரபு. அந்த விகாரையைச் சூழ்ந்த காணிகள் தொடர்பாகப் பொத்துவில் முஸ்லிம்களுடன் இன்றுவரை பிணக்கு இருக்கிறது. பாவம், கடல், காணி மூன்றும் இந்தக் கரையில் எப்போதும் ஒன்றாகத்தான் வருகின்றன.

தமிழ்நாட்டில், காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திர சரஸ்வதி கொலை வழக்கொன்றில் 2004 நவம்பர் 11 அன்று கைதானதற்கும் ஆறு வாரம் கழித்து வந்த சுனாமிக்கும் அவருடைய அபிமானிகள் சிலர் முடிச்சுப் போட்டார்கள். 2013 இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதுக்காகக் கடல் பொங்கியது என்றால் அதற்கு விலை கொடுத்தவர்கள் நாகப்பட்டினத்து மீனவர்கள். அவர்களுக்கும் அந்த வழக்குக்கும் என்ன தொடர்பு என்று அந்த அபிமானிகள் விளக்கவில்லை.

திருநெல்வேலியில் காந்தி சொன்னது

இந்த விவாதத்தில் மிகவும் எடுத்துப் பேச வேண்டிய சம்பவம் நடந்ததும் தமிழ் மண்ணில்தான். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அப்போது காந்தி தீண்டாமைக்கு எதிராகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், பீகாரின் பேரழிவு தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று பேசினார்.

தாகூர் அதிர்ந்து போனார். காந்தியின் மீது பெருமதிப்பு வைத்திருந்தவர்தான். தீண்டாமையை ஒழிப்பதில் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் மறுப்பு எழுதி அனுப்பினார். காந்தி அதைத் தம் ஹரிஜன் இதழின் பெப்ரவரி 16 ஏட்டில் தம் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். (எதிர்க்கருத்தைத் தன் பத்திரிகையிலேயே அச்சடிக்கும் அந்தக் குணத்தை நமது பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களிடம் இன்று தேட வேண்டியிருக்கிறது.) தாகூரின் வாதத்தின் சாரம் இதுதான்: இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு, அவற்றை ஒழுக்கத்தோடு கோர்த்தால் நியாயமற்ற ஒரு இறைவனைத்தான் கற்பிக்க வேண்டிவரும். அதைவிட முக்கியமாக, இதே தர்க்கம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்தும். தாழ்த்தப்பட்டோரைக் கோயிலுக்குள் அழைத்ததால்தான் பூமி அதிர்ந்தது என்று அவர்களும் சொல்லலாமே.

கடற்கரைப் பள்ளி விடயத்தில் நாம் பார்த்ததும் இதையேதான். காந்தி தீண்டாமைக்கு எதிராகப் பேசினார், நல்ல நோக்கம். நோக்கம் நல்லதாக இருப்பதால் தர்க்கம் சரியாகிவிடாது. அலைக்கு வாய் இல்லை. யார் முதலில் ஒலிவாங்கியைப் பிடிக்கிறாரோ அவர் சொல்வதே அதன் பேச்சாகிவிடுகிறது.

ஐரோப்பாவும் இதைக் கடந்துதான் வந்தது. 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள். லிஸ்பன் நகர மக்கள் தேவாலயங்களில் நிரம்பியிருந்த காலை வேளையில் நிலம் ஆடியது. பின்னாலேயே தீயும் கடலலையும். மலாகிரிதா என்ற இயேசு சபைத் துறவி இது நகரத்தின் பாவத்துக்கான தண்டனை என்று எழுதிப் பரப்பினார். வீடு கட்டுவதை விட்டு ஜெபத்தில் இறங்குங்கள் என்பது அவருடைய அறிவுரை. அமைச்சர் பொம்பால் எதிர்த்திசையில் போனார். நிலம் எவ்வளவு நேரம் ஆடியது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேள்விக்கொத்து ஒன்றை நாட்டின் பங்குகளுக்கெல்லாம் அனுப்பினார். நிலநடுக்க ஆய்வின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தக் கேள்விக்கொத்து கருதப்படுகிறது. மலாகிரிதா 1761 இல் மரண தண்டனைக்கு உள்ளானார் என்பதையும் சொல்லவேண்டும்; பொம்பால் ஒன்றும் சாதுவான மனிதர் அல்ல.

மார்க்கத்துக்கு உள்ளேயே உள்ள பதில்

"அல்லாஹ் தந்தான், அல்லாஹ் எடுத்துக்கொண்டான்" என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொல்வது வேறு. "உங்கள் பாவத்தால்தான் எடுத்தான்" என்று அவளிடம் இன்னொருவர் சொல்வது வேறு. முதலாவது, தாங்க முடியாததைத் தாங்குவதற்கு அவள் பிடித்துக்கொள்ளும் கயிறு. அதில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. இரண்டாவது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் சாட்சியம் கேட்கலாம்.

தண்டனை என்று பேசிய மௌலவிமார் வெறுங்கையோடு பேசவில்லை. தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதரின் செயல்களோடு இணைக்கும் சூரத்துர் ரூமின் 41 ஆவது வசனம் அவர்களுடைய முதல் ஆதாரம். நூஹ் நபியின் கூட்டத்தார், ஆது, ஸமூது ஆகியோரின் வரலாறுகள் அடுத்தவை. உமர் கலீபாவின் காலத்தில் மதீனா அதிர்ந்தபோது அவர் மக்களின் நடத்தையைக் கண்டித்தார் என்ற அறிவிப்பும் உண்டு.

ஆனால் அதே மார்க்கத்தின் மூலங்களில் எதிர்த்திசையில் நிற்கும் செய்திகள் இன்னும் வலுவானவை. நபிகளாரின் கைக்குழந்தை இப்றாஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தக் குழந்தைக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் பேசிக்கொண்டார்கள். எந்தத் தலைவருக்கும் இனிக்கக்கூடிய பேச்சு அது. நபிகளார் அதை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்துவிட்டுத் தொழுகைக்கு நின்றார். புகாரியில் பதிவான செய்தி இது. நீரில் மூழ்கி இறந்தவரும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் ஷஹீதுகள் என்று கூறும் ஹதீஸும் பிரபலமானது. சுனாமியில் இறந்தவர்கள் இந்த இரண்டு வகைக்குள்ளும் அடங்குவர்.

இந்த முரண்பாட்டைச் சில பேச்சாளர்கள் ஒரு வழியில் சமாளித்தார்கள்: இறந்தவர்கள் ஷஹீதுகள்தான், படிப்பினை இருப்பவர்களுக்கு. கேட்க மென்மையாக இருக்கும். ஆனால் அதன் உட்பொருளை முகாமில் உட்கார்ந்திருந்த ஒரு தாயின் இடத்திலிருந்து யோசியுங்கள். அவளுக்குப் பாடம் படிப்பிக்க அவளுடைய பிள்ளை பயன்பட்டது என்பதே அதன் பொருள்.

இன்னொரு வகை 'அத்தாட்சி'யும் அந்த நாட்களில் சுற்றியது. களுத்துறைக் கரையிலிருந்து நீர் பின்வாங்கும் நேரத்தில் செய்மதி ஒன்று எடுத்த படத்தில், நுரையின் சுழிகள் அறபு எழுத்தில் இறைவனின் பெயராகத் தெரிகின்றன என்றார்கள். 2005 ஜனவரியில் அந்தப் படம் உலகெங்கும் மின்னஞ்சலில் பறந்தது. மேகத்திலும் மரப்பட்டையிலும் வெட்டிய கத்தரிக்காயிலும் உருவம் காண்கிற மனித இயல்புதான் நுரையிலும் கண்டது.

யார் இறந்தார்கள்

பாவக் கணக்குக்கு மிகக் கடினமான சாட்சியம் அம்பாறையிலிருந்தே வந்தது. நிஷிகியோரி என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இம்மாவட்டத்தின் 13 முகாம்களில் 859 குடும்பங்களை விசாரித்து 2006 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பங்களில் இருந்த 3,533 பேரில் 12.9 சதவீதமானோர் இறந்தோ காணாமற்போயோ இருந்தனர். ஆண்களில் இந்த விகிதம் 8.2. பெண்களில் 17.5. இருபதுகளில் இருந்தவர்களில் 7.4 மட்டுமே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.8.

ஒழுக்கக்கேடு என்று மிம்பரில் பட்டியலிடப்பட்டவற்றை நடைமுறையில் செய்யக்கூடிய வயதில் இருப்பவர்கள் இளைஞர்கள். வட்டி வாங்குபவர்களும் போதை விற்பவர்களும் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். இறப்பு அவர்களிடையேதான் குறைவு. மூன்றில் ஒன்று என்ற விகிதத்தில் போனவை பால் மறவாத பிள்ளைகள்.

அதே ஆய்வு காரணங்களையும் காட்டியது. அலை வந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியில் இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக இறந்தார்கள். மீன்பிடிக் குடும்பங்களில் இழப்பு கூடுதல். ஞாயிறு காலை அடுப்படியில் நின்றவர்கள் யார், நீந்தப் பழகாதவர்கள் யார், கையில் பிள்ளையோடு ஓட வேண்டியிருந்தவர்கள் யார் என்று கேட்டால் பெண்களின் எண்ணிக்கை ஏன் இரட்டிப்பானது என்பது விளங்கும். வெளியே திரிந்த பெண்ணால் கடல் வந்தது என்று பேசிய ஊரில், வீட்டுக்குள் இருந்த பெண்களே கூடுதலாக இறந்திருந்தார்கள்.

நிலவியலும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்கிறது. இந்திய அடித்தட்டு பர்மியத் தட்டுக்குக் கீழே செருகும் கோட்டில் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளம் ஒரே நாளில் முறிந்தது. அந்த முறிவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கி ஓர் எச்சரிக்கை தந்தது. மேற்கே இருந்த நமக்கு முதலில் வந்ததே அலையின் முகடு. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை முறைமை எதுவும் இல்லை. இந்தக் கடல் முன்னரும் எழுந்திருக்கிறது: 1883 ஓகஸ்ட் 27 அன்று கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இதே மாவட்டத்தின் பாணமையில் ஒரு பெண்ணின் உயிரைக் கொண்டுபோனது. அதை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

நினைவில் வைத்திருந்த ஓர் இடம் உண்டு. சுமாத்ராவை ஒட்டிய சிமெலு தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் கிடக்கிறது. அங்கு வாழ்வோரும் முஸ்லிம்களே. 1907 இல் அலையால் பட்டதை அவர்கள் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். நிலம் பலமாக ஆடிக் கடல் இறங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் செய்தி. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர். 2004 இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். பக்கத்து ஆச்சேயில் இலட்சத்துக்கும் மேல். இரண்டும் ஒரே கடல், ஒரே மார்க்கம்.

பாவம் பேசியபோது பேசப்படாதவை

யுத்தத்தில் அடிபட்டுக் கிடந்த சமூகங்களிடம் இந்தப் பேச்சு எடுபட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1990 இல் இந்த மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் செய்ததும், அவர்களுக்கு மற்றவர்கள் செய்ததும் மறக்கக்கூடியவை அல்ல. அவற்றுக்கு நீதி கிடைக்கவில்லை. உலகத்தில் கிடைக்காத கணக்கு மேலே எங்கோ தீர்க்கப்படுகிறது என்று நம்புவதில் ஒருவகை ஆறுதல் உண்டு. உள்ளே திரும்பித் தன்னையே குற்றம் சொல்வதிலும் ஒரு பிடி இருக்கிறது: நான் திருந்தினால் கடல் திரும்பி வராது. எதுவுமே தன் கையில் இல்லாதவனுக்கு அது பெரிய விடயம்.

பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாவும் பெனடிக்ட் கோர்ஃபும் 2009 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, சுனாமிக்குப் பிந்திய இலங்கை முஸ்லிம்களிடையே எழுந்த இந்த ஓட்டத்தைத் 'தூய்மைப்படுத்தலின் அரசியல்' என்று அழைத்தது. 2018 இல் காலமான ஹஸ்புல்லா வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர். தன் சமூகத்தை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர். தூய்மை என்ற பேச்சு எப்போதும் ஓர் எல்லையைக் கீறுகிறது. அந்த எல்லை பெரும்பாலும் பெண்ணின் உடம்பில் கீறப்படுகிறது. நிவாரணப் பணிக்கு வந்த தொண்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த முஸ்லிம் பெண்களைக் கண்டிக்கும் பேச்சுகள் இந்தக் கரையோரத்தில் பின்னர் வலுத்தன. கணவனையோ தகப்பனையோ கடலுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பளத்துக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அதே வேளையில் வேறு முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. தெற்கில் கடலிலிருந்து 100 மீற்றர், வடகிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டத் தடை என்று அரசாங்கம் அறிவித்தது. கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, நடுவில் துண்டு நிலத்தில் அடைந்து வாழும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பங்கு. பின்னர் தூரம் குறைக்கப்பட்டது; மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 2005 ஜூன் 24 அன்று அரசாங்கமும் புலிகளும் சுனாமிப் பொதுக்கட்டமைப்பில் கைச்சாத்திட்டபோது, அதிகம் இழந்த மாவட்டத்தில் அதிகம் இழந்த முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாக இல்லை. ஜூலை 15 அன்று உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பிரிவுகளை இடைநிறுத்தியது. தமிழருக்கும் அதனால் எதுவும் கிடைக்கவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள் வழக்கில் சிக்கி, ஆட்கள் குடியேறாமலே ஆண்டுக்கணக்கில் காடு பிடித்துக் கிடந்தன.

இவை ஒவ்வொன்றுக்கும் கையொப்பமிட்ட மனிதர்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் அவர்களைக் கேட்டிருக்கலாம்.

சில விடயங்கள் மாறவும் செய்தன. 2005 இன் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் கடல் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கிழக்குக் கரையோர மக்கள் வீடுகளை விட்டு உள்ளே நகர்ந்தார்கள். அன்று பெரிய அலை வரவில்லை.

2024 நவம்பர் 26 அன்று வந்தது வெள்ளம். நிந்தவூரிலுள்ள அறபுக் கல்லூரியிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்கள் ஏறிய உழவு இயந்திரப் பெட்டி, மாவடிப்பள்ளியில் நீர் பாய்ந்துகொண்டிருந்த வீதியில் இழுத்துச் செல்லப்பட்டது. நாட்கணக்கில் தேடி ஜனாஸாக்களை எடுத்தார்கள். வேதம் ஓதப் போன பிள்ளைகள் அவர்கள். மழைக்காலம் தோறும் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் வயல்வெளியினூடாகப் போகும் அந்த வீதி நீரில் மூழ்கும் என்பது அவ்வழியே போய்வரும் எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகளை யார் ஏற்றிவிட்டார்கள், வீதியை ஏன் எவரும் மூடவில்லை என்று பெற்றோர் கேட்டார்கள். பொலிஸார் விசாரணையைத் தொடங்கினர்; கைதுகளும் இடம்பெற்றன.